நனையாமல் முக்குளிக்க: ட்ரை சூட் பழகத் தொடங்குபவர்களுக்கு

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ டைவ் அடிக்கப் போகிறவருக்கு ட்ரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடை, தேவையே இல்லை. மன்னார் வளைகுடாத் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 26 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். 3 மில்லிமீட்டர் வெட் சூட் தாராளமாகப் போதும். ட்ரை சூட்டை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் படகில் உட்கார்ந்தால், தண்ணீரில் இறங்குவதற்குள் உள்ளேயே வெந்துவிடுவீர்கள்.

பிறகு யாருக்கு இது? படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து, நார்வே, கனடா என்று கிளம்புகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு. விடுமுறையில் கடலில் டைவிங் பழகியிருப்பார்கள். போன இடத்தில் தண்ணீர் 6 டிகிரி, 8 டிகிரி என்று இருக்கும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி ஒரு உடையை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்றொரு பிளவு இருக்கிறது. வட அமெரிக்க, யுரேசிய நிலத்தட்டுகள் விலகும் இடம். தண்ணீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி. அங்கே டைவ் அடிக்க வேண்டுமானால் ட்ரை சூட் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் ட்ரை சூட்டில் இறங்கிய அனுபவத்துக்குப் பதிவு கேட்பார்கள். கையில் எதுவும் இல்லாமல் போனால் ஸ்நார்க்கெல் மட்டும் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது இங்கிலாந்தில், ஒரு பழைய குவாரிக் குளத்தில். ஊருக்கு வந்து போட்டோவைக் காட்டியபோது அப்பத்தா கேட்டது: "தண்ணிக்குள்ள போயும் நனையாம வர்றதுக்கா இம்புட்டுக் காசு?" கேள்வி சரியான கேள்வி.

சூட்டுக்குள் இருப்பது என்ன

தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். வெட் சூட் போட்டால் தண்ணீர் உள்ளே வரும். உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் வந்த அந்தத் தண்ணீர் சூடாகி அங்கேயே நிற்கும். குளிரைத் தடுக்கிற முக்கிய வேலையை நியோப்ரீன் என்கிற அந்த ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் செய்கின்றன. ஆழம் போகப் போக அந்தக் குமிழிகள் நசுங்கும், சூட் மெலியும், குளிர் ஏறும். ட்ரை சூட் வேறு மாதிரி. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான சீல், தண்ணீர் புகாத ஜிப், காலோடு ஒட்டிய பூட்ஸ். தண்ணீர் உள்ளே வராது. உள்ளே கம்பளி மாதிரியான உடை, அதற்குள் காற்று. குளிரைத் தடுப்பது அந்தக் காற்று.

புதியவர்கள் எல்லாரும் தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். தண்ணீர் வந்தால் குளிரும், டைவை முடித்துக்கொண்டு ஏறலாம். உண்மையில் பழக வேண்டியது உள்ளே இருக்கும் காற்றை.

மேலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். எனக்கு மாமா காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார். குடுக்கை முதுகில் இருக்கிறவரை சுகமாக மிதந்தேன். ஒருநாள் கயிறு தளர்ந்து குடுக்கை இடுப்புக்குக் கீழே நழுவியது. தலை உள்ளே, கால் வெளியே. மாமா காலைப் பிடித்துத்தான் இழுத்தார். ட்ரை சூட் என்பது உடம்பு முழுக்கச் சுற்றிய சுரைக்குடுக்கை. இந்தக் குடுக்கை நீங்கள் சாயும் பக்கமெல்லாம் ஓடும், ஆழத்துக்கு ஏற்பச் சுருங்கும், விரியும்.

எவ்வளவு சுருங்கும்? ஒரு செம்பைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்துங்கள். 10 மீட்டர் ஆழத்தில் உள்ளே இருக்கும் காற்று பாதியாகிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் கால் பங்கு. மேலே வரும்போது இதே கணக்கு தலைகீழ். கவனியுங்கள், முதல் 10 மீட்டரில்தான் மாற்றம் அதிகம். அதனால் 30 மீட்டரில் வருகிற சிக்கலைவிட 5 மீட்டரில் வருகிற சிக்கல்தான் அதிகம். ஆழமில்லாத இடம்தானே என்று அலட்சியமாக இருக்கிறவர்கள்தான் பந்து மாதிரி மேலே வந்து விழுகிறார்கள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்

அடிப்படை ஓப்பன் வாட்டர் படிப்பை இங்கேயே, வெதுவெதுப்பான தண்ணீரில் முடித்துவிட்டுப் போங்கள் என்பதே என் யோசனை. குளிரில், கனத்த கையுறையோடு, மாஸ்க்கில் தண்ணீர் வெளியேற்றப் பழகுவது வீண் அவஸ்தை. புதுச்சேரி, சென்னை, அந்தமான் என்று இடங்கள் இருக்கின்றன. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். காலமும் பார்க்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கலங்கும், வாடை வீசும்போது பாக் நீரிணை கலங்கும்.

படிப்பில் சேர 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் தெரிய வேண்டும். கிணற்றில் பழகியவர்களுக்கு 200 மீட்டர் பெரிதில்லை, ஆனால் கையைக் காலை அடிக்காமல் சும்மா மிதக்கச் சொன்னால் திணறுவார்கள். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் ஒரு மாதம் போய் அதை மட்டும் பழகுங்கள். ஆஸ்துமா, காதுத் தொல்லை, இதயக் கோளாறு, அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு இறங்குகிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

அப்புறம், மேலூர், கீழவளவுப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் கண்ணைப் பறிக்கும். இங்கிலாந்தில் ஸ்டோனி கோவ் என்ற பழைய கிரானைட் குவாரிதான் அந்த நாட்டில் பெயர் பெற்ற டைவிங் இடம் என்று படித்துவிட்டு, நம் குவாரியில் இறங்கிப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். கூடாது. அங்கே 6 மீட்டர், 20 மீட்டர் என்று படிப்படியாக இறங்கும் தளங்கள், ஏறுவதற்கு வழி, காற்று நிரப்பும் இடம், மீட்புக்கு ஆட்கள் எல்லாம் உண்டு. இங்கே செங்குத்தான பாறைச் சுவர், ஏற வழி கிடையாது, இறங்க அனுமதியும் கிடையாது.

எந்த சூட்

உங்கள் முதல் ட்ரை சூட்டை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். புதிய சூட் நம் காசில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்று நான்கு லட்சம் வரை போகும். ஐந்தாறு டைவ் அடித்த பிறகுதான் உங்களுக்கு எது சரிப்படும் என்று தெரியும். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் அங்கே டைவிங் கிளப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரிட்டனில் 1953-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ.சி. (பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்) என்ற டைவிங் அமைப்போடு இணைந்த கிளப்புகள் நிறைய. பெரும்பாலும் உறுப்பினர்களுக்குக் கருவிகளைக் குறைந்த செலவில் தருவார்கள். கற்றுத்தர மூத்தவர்களும் இருப்பார்கள்.

வகைகள் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று நியோப்ரீன் சூட். அதுவே கொஞ்சம் கதகதப்பு தரும், உடம்போடு ஒட்டி நிற்கும். ஆனால் கனம், காய நேரமாகும், ஆழத்தில் மெலியும். இன்னொன்று ட்ரைலேமினேட். நடுவில் பியூட்டைல் ரப்பர், இருபுறமும் நைலான் போன்ற துணி, மழைக்கோட்டு மாதிரி மெல்லியது. அதற்கென்று தனியாகக் கதகதப்புக் கிடையாது, எல்லாம் உள்ளே போடும் உடையைப் பொறுத்தது. லேசு, சீக்கிரம் காயும், மடித்துப் பெட்டியில் வைக்கலாம். விமானத்தில் ஊருக்கும் அங்குமாகப் போய்வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு ட்ரைலேமினேட்தான் தோது.

அளவு பார்க்கும்போது உள்ளே போடப்போகும் உடையோடு போட்டுப் பாருங்கள். குத்தவைத்து உட்காருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், இடது கையால் வலது தோளையும் வலது கையால் இடது தோளையும் தொடுங்கள். எங்கும் இழுக்கக் கூடாது. தொளதொளவென்றும் இருக்கக் கூடாது, தொளதொளப்பில் காற்று தேங்கும். தடித்த சாக்ஸ் போட்டுப் பூட்ஸ் அளவு பாருங்கள். பூட்ஸ் பருமனாக இருப்பதால், தூத்துக்குடியில் போட்ட ஃபினுக்குள் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) அது நுழையவே நுழையாது.

சீல், எண்ணெய், கயிறு

இந்தப் பகுதி நம் ஆட்களுக்கென்றே. வெள்ளைக்காரப் பயிற்சியாளர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவருக்குத் தோன்றாது.

கழுத்து, மணிக்கட்டு சீல்கள் பெரும்பாலும் லேட்டக்ஸ், சிலவற்றில் சிலிக்கான், சிலவற்றில் நியோப்ரீன். லேட்டக்ஸுக்கு எண்ணெய் எமன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அந்தக் கழுத்து சீலைத் தலைவழியாக இழுத்தால், சில நாளில் அது பிசுபிசுத்துப் பிய்ந்துவிடும். டைவ் அன்றைக்கும் முந்தின நாளும் எண்ணெய் வேண்டாம். முகத்துக்கு, கைக்குப் பூசும் கிரீமும் அப்படியே. நுழைவதற்கு எளிதாக சீலில் டால்கம் பவுடர் தூவுவார்கள். அது வாசனையில்லாத சுத்த டால்க்காக இருக்க வேண்டும். சந்தன மணம் கமழும் நம் வீட்டு டப்பா ஆகாது, அந்த வாசனைப் பொருள்களும் லேட்டக்ஸைக் கெடுக்கும். கேரம் போர்டு பவுடரும் ஆகாது, அது போரிக் பவுடர்.

கையில் கோயில் கயிறு கட்டியிருக்கிறீர்களா? மணிக்கட்டு சீலுக்கு அடியில் ஒரு நூல் மாட்டினாலும் அதுவே தண்ணீருக்கு வழி. திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி அது கடல்நீரை உள்ளே இழுக்கும். கழற்ற மனமில்லையென்றால் சீலுக்கு மேலே, முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டுங்கள். தாலிச் செயின் கழுத்து சீலுக்கு அடியில் வராதபடி முழுதும் சூட்டுக்குள்ளே இறங்கியிருக்க வேண்டும். முடியாதென்றால் கழற்றிப் பையில் வைப்பதுதான் வழி. வளையல், மோதிரம், கடிகாரம், நீண்ட நகம் எல்லாம் சீலைக் கிழிக்கும். ஹேர்பின்னும் அப்படியே. நீள முடியைப் பின்னி உச்சியில் சுருட்டி வையுங்கள். கழுத்துச் சீலுக்குள் நாலு முடி சிக்கினால் போதும், டைவ் முழுக்க முதுகில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கழுத்து சீல் எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம்? புதிதாகப் போடும்போது யாருக்கும் குரல்வளையைப் பிடித்த மாதிரிதான் இருக்கும். அது பழகிவிடும். ஆனால் தலை கிறுகிறுத்தாலோ கண் மங்கினாலோ உடனே கழற்றுங்கள். கழுத்து நாளத்தில் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கி மயக்கம் வரலாம். புது லேட்டக்ஸ் சீல் கூம்பு மாதிரி இருக்கும், அதில் வளையம் வளையமாகக் கோடு போட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வளையம் மட்டும் வெட்டிப் போட்டுப் பாருங்கள். வெட்டினதை ஒட்ட முடியாது. வாடகை சூட் என்றால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள், வேறு அளவு கேளுங்கள்.

மணிக்கட்டில் நரம்பு புடைத்தவர்கள் கையை இறுக மூடினால் நரம்புக்குப் பக்கத்துப் பள்ளம் வழியாகத் தண்ணீர் வரும். சீலைக் கொஞ்சம் மேலே ஏற்றி, எலும்பு முட்டியைத் தாண்டி உட்கார வையுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதறாதீர்கள். எல்லாருக்கும் வரும்.

உள்ளே என்ன போடுவது

பருத்தி வேண்டாம். சுங்குடி நம் ஊருக்குப் பெருமைதான், ஆனால் சூட்டுக்குள் பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பை ஜில்லிட வைக்கும். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது அதற்கென்றே தைத்த முழு உடை. தண்ணீர் 15 டிகிரி என்றால் மெல்லிய ஃபிளீஸ் போதும். 5 டிகிரி என்றால் தடித்தது வேண்டும். தடிமன் கூடக் கூட உள்ளே காற்று கூடும், காற்று கூடினால், அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயமும் கூடும்.

தலைக்கு நியோப்ரீன் ஹூட், கைக்கு 5 மில்லிமீட்டர் கையுறை. அந்தக் கையுறையோடு பட்டனை அமுக்குவது, கிளிப்பைப் பூட்டுவது, ஹோஸைக் கழற்றுவது எல்லாவற்றையும் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி, குளிர் தண்ணீருக்கு ஏற்றதா என்றும் கேளுங்கள். 10 டிகிரிக்குக் கீழே சாதாரண ரெகுலேட்டரில், காற்று விரியும்போது ஏற்படும் குளிர்ச்சியால் பனி கட்டி, காற்று நிற்காமல் கொட்ட ஆரம்பிக்கும். இங்கே வாங்கிய மலிவான ரெகுலேட்டரை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கரையில் மாட்டிக்கொள்ளும் வரிசை

முதலில் கழிப்பறை. சிரிக்காதீர்கள். சூட்டைப் போட்ட பிறகு அவிழ்ப்பது அரை மணி வேலை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது தப்பு, உடம்பில் நீர் குறைந்தால் டிகம்ப்ரஷன் நோய்க்கான (உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகி வரும் நோய்) ஆபத்து கூடும். நீண்ட டைவ் என்றால் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அனுபவசாலிகள் சூட்டில் அதற்கென்று ஒரு வால்வு வைத்துக்கொள்கிறார்கள்.

கால், இடுப்பு, கை, கடைசியாகத் தலை. கழுத்து சீலுக்குள் தலையை விடும்போது இரு கை விரல்களையும் உள்ளே கொடுத்து விரித்து, கண்ணை மூடி, வேகமாக நுழையுங்கள். தயங்கினால் பாதியில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். பித்தளை ஜிப் என்றால் வெளிப்பக்கப் பல்லில் மெழுகு தேய்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஜிப்பென்றால் மெழுகு கூடாது, பூட்டும் முனையில் சிலிக்கான் கிரீஸ். எதுவானாலும் வளைத்து மடக்கி இழுக்காதீர்கள். சூட்டிலேயே விலை கூடிய பகுதி அதுதான்.

ஜிப் கடைசி வரை போயிருக்கிறதா? இதை நீங்களும் பாருங்கள், கூட வருபவரும் பார்க்க வேண்டும். என் நான்காவது டைவில் கடைசி ஒரு அங்குலம் மூடாமல் இறங்கினேன். பார்க்கச் சொல்லாதது என் தப்புத்தான். முதுகில் யாரோ ஐஸ் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றுவது மாதிரி ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் இடுப்பு வரைக்கும் நிறைந்தது. ஏறும்போது இரண்டு காலிலும் இரண்டு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு நடந்தேன். முத்துக் குளிக்கிறவர் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார், தங்கச்சி தாலிக்காகவாவது அவன் ஒழுங்காக இழுப்பான் என்று தென்கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. மச்சான் கிடைக்காவிட்டாலும், உங்கள் ஜிப்பைப் பொறுப்பாகப் பார்க்கிற ஒரு ஆளோடு இறங்குங்கள்.

மூடியதும் குத்தவைத்து உட்கார்ந்து, கழுத்து சீலை ஒரு விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் புஸ்ஸென்று வெளியேற்றுங்கள். பிறகு மார்பில் இருக்கும் வால்வில் ஹோஸை மாட்டுங்கள். இதுதான் சிலிண்டரிலிருந்து சூட்டுக்குக் காற்று விடுவது. இடது கையின் மேல்பகுதியில் இருப்பது காற்றை வெளியே விடும் வால்வு. அதை முழுக்கத் திறந்து வையுங்கள். பி.சி.டி. ஜாக்கெட்டின் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) வார் அந்த வால்வை மூடாமல் இருக்கிறதா பாருங்கள்.

ஈயம் எவ்வளவு? ஊரில் 5 கிலோவோடு இறங்கியவருக்கு அங்கே 10, 12 கிலோ தேவைப்படும். சிலிண்டர், உள்ளுடை, உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று பலதையும் பொறுத்தது. இங்கே பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர், அங்கே எஃகு. குவாரியில் போதுமாக இருந்த ஈயம் கடலில் போதாது, இரண்டு மூன்று கிலோ கூட்ட வேண்டியிருக்கும். 12 லிட்டர் சிலிண்டர் நிறைய 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடையே கிட்டத்தட்ட 3 கிலோ. அது தீரத் தீர நீங்கள் லேசாகிவிடுவீர்கள். அதனால் சிலிண்டரில் 50 பார் மட்டும் மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டரில், சூட்டில் குறைந்த காற்றோடு அசையாமல் நிற்க முடிகிறதா என்பதுதான் சரியான சோதனை. பயத்தில் கூடுதல் ஈயம் கட்டுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. கூடுதல் ஈயத்தைத் தூக்கக் கூடுதல் காற்று வேண்டும், கூடுதல் காற்று உள்ளே உருண்டு ஓடும்.

தண்ணீருக்குள்

டைவிங் சான்றிதழ் தரும் பி.ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ட்ரை சூட் படிப்பு என்றால், முதலில் நீச்சல் குளம் மாதிரிப் பாதுகாப்பான இடத்தில் ஒரு பயிற்சி, அப்புறம் திறந்த தண்ணீரில் இரண்டு டைவ். வார இறுதியில் முடிந்துவிடும். குளத்தில் செய்கிற பயிற்சியை அலுப்பாக நினைக்காதீர்கள், எல்லாமே அங்கேதான் இருக்கிறது.

இறங்கும்போது இரண்டு மூன்று மீட்டரிலேயே சூட் உடம்பைக் கவ்வ ஆரம்பிக்கும். விட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் தோல் கன்றிச் சிவக்கும். மார்பு வால்வைச் சின்னச் சின்னதாக, ஒரு நொடி அமுக்கி விடுங்கள். கவ்வல் தளர்ந்தால் போதும், நிறைய வேண்டாம். வட்டார உணவகத்தில் குழம்பு ஊற்றுகிற மாதிரி ஊற்றக் கூடாது.

மிதப்பைச் சரிசெய்ய சூட்டையே பயன்படுத்துவதா, பி.சி.டி.யையா என்று இரண்டு கட்சி இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் சூட், மேற்பரப்பில் பி.சி.டி. என்று ஒரு பள்ளி. சூட்டில் கவ்வல் தளர மட்டும் காற்று, மிதப்புக்கு பி.சி.டி. என்று இன்னொன்று. சரியான ஈயத்தோடு ஆழமில்லாத இடத்தில் பழகும்போது முதலாவது எளிது, கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரட்டைச் சிலிண்டர், ஆழம் என்று போகிறவர்கள் இரண்டாவதைத்தான் பிடிக்கிறார்கள். படிக்கும்போது பயிற்சியாளர் சொல்வதைச் செய்யுங்கள். எதுவானாலும் மேற்பரப்பில் மிதக்க பி.சி.டி.தான். சூட்டை ஊதி மிதந்தால் கழுத்து நெரியும்.

ஏறும்போதுதான் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இடது முழங்கையைத் தூக்கி, கையைத் தொங்கவிட்டு, வால்வு உடம்பிலேயே உயரமான புள்ளியாக இருக்கும்படி வையுங்கள். காற்று மேலேதான் போகும், வால்வு கீழே இருந்தால் எவ்வளவு திறந்திருந்தாலும் வெளியேறாது. ஏறத் தொடங்கும் முன்பே விட ஆரம்பியுங்கள். வேகம் கூடிய பிறகு விடுவது, மாடு ஓடின பிறகு கயிற்றைத் தேடுவது மாதிரி. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். ட்ரை சூட்டில் நிற்பதற்குக் கடினமான ஆழமும் இதுதான்.

இனி சுரைக்குடுக்கை காலுக்குப் போனால் என்ன செய்வது? தலை கீழாகச் சாய்ந்து எதையாவது எட்டிப் பார்க்கும்போது காற்று கால் பக்கம் ஓடும். பூட்ஸ் உப்பும், ஃபின் கழன்றுகூடப் போகலாம், கால் முதலாக மேலே இழுக்கும். வால்வு கீழே இருப்பதால் காற்றை விடவும் முடியாது. காலை வீசிக் கீழ்நோக்கி நீந்திப் பார்ப்பது முதல் உந்துதல், அதற்கு நேரமில்லை. முழங்காலை மார்போடு மடக்குங்கள், கைகளால் தண்ணீரைத் தள்ளி, குட்டிக்கரணம் போட்டு நிமிருங்கள், உடனே இடது முழங்கையைத் தூக்கி விடுங்கள். குளத்தில் இதைப் பத்து முறை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு வாங்குங்கள்.

மார்பு வால்வு சிக்கிக்கொண்டு காற்று தானாகப் போய்க்கொண்டே இருந்தால், ஒரு கை ஹோஸைப் பிடுங்க வேண்டும், இடது முழங்கை மேலே போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். சூட்டில் தண்ணீர் நிறைந்துவிட்டால் மூழ்கிப்போய்விடுவோம் என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. போனது காற்றின் மிதப்பு, அதை பி.சி.டி. ஈடுகட்டும். கரையேறும்போதுதான் கனம் தெரியும், அப்போது உதவி கேளுங்கள்.

ஏறின பிறகு

ஈர ஹூட்டைக் கழற்றி உலர்ந்த குல்லாவைப் போடுங்கள், டீ குடியுங்கள். வெந்நீர்க் குளியல் உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் போகட்டும். சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் மொட்டை மாடிக் கொடியில் போடாதீர்கள். மதுரைச் சித்திரை வெயில் ஒரு லேட்டக்ஸ் சீலை ஒரே வாரத்தில் அப்பளமாக்கிவிடும். மின் மோட்டார் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் லேட்டக்ஸை வெடிக்க வைக்கும். சீலுக்குள் டால்க் தூவி, ஜிப்பை மடக்காமல் தளர்வாகச் சுருட்டி, வீட்டுக்குள் பீரோவில் வையுங்கள்.

ஒரு டைவ் அடித்தால் 12 மணி நேரமும், பல டைவ், பல நாள் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. நம் பக்கத்தில் இதோடு கொடைக்கானலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் காலையில் டைவ், ராத்திரி கொடைக்கானலில் ரூம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச்சொச்சம் மீட்டர்தான், அதனால் மதுரை வரை வருவதில் பிரச்சினை இல்லை. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு அது விமானம் ஏறுவது மாதிரிதான். ஒருநாள் மதுரையில் தங்கிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, லாக் புத்தகத்தில் ஆழமும் நேரமும் மட்டும் எழுதினால் போதாது. தண்ணீர் எத்தனை டிகிரி, கடலா குளமா, உள்ளே என்ன உடை, என்ன சிலிண்டர், எத்தனை கிலோ ஈயம், அது கூடுதலா குறைவா என்று எழுதுங்கள். இந்தக் குறிப்புதான் அடுத்த டைவில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். என் புத்தகத்தில் ட்ரை சூட் பக்கத்தின் முதல் வரி இப்படி இருக்கிறது: "குளம், 7 டிகிரி, தடித்த ஃபிளீஸ், 14 கிலோ. அதிகம். அடுத்த தடவை 12."